பவள நுனிகள் வெளுக்கின்றன: நீரைத் திருத்துவதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கரையோரம் | சிங்கப்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டில், சம்ப் என்னும் கீழ்த்தொட்டியையும் சேர்த்து ஏறத்தாழ 200 லிட்டர் நீர் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், யூஃபில்லியா பவளம், பவளத்தை ஒத்த சோவாந்தஸ் ஆகியவை தொடக்கம் முதலே நலமாக உள்ளன. அக்ரோபோரா, மாண்டிபோரா என்னும் கல்பவளங்களைச் சில மாதங்களுக்கு முன்புதான் சேர்த்தேன். சில்லர் (நீர் குளிரூட்டி) வெப்பநிலையை 26 டிகிரியில் நிறுத்துகிறது.

அண்மையில் காரத்தன்மையை அளந்தபோது 6.5 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) என்று வந்தது. குறைவாக இருக்கிறதே என்று சோடாக் கரைசலை ஊற்றி இரண்டு நாளில் அதை 9 வரை ஏற்றினேன். அதன் பிறகு அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்து, திசு உரிந்து, வெறும் எலும்புக்கூடு தெரியத் தொடங்கியிருக்கிறது. இப்போதைய அளவுகள்: உப்பளவு 34 (ஆயிரத்தில் பங்கு), கால்சியம் 460, மக்னீசியம் 1420, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00 (மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்). இவை போதாதென்று, மணலின் மேல் காற்றுக்குமிழிகள் கோத்த பழுப்புநிற இழைகள் படர்கின்றன. விளக்கு அணைந்த பிறகு அவை மறைந்துவிடுகின்றன. மறுநாள் நண்பகலுக்குள் திரும்பி வந்துவிடுகின்றன.

கடையில் கேட்டபோது பாதி நீரை உடனே மாற்றச் சொன்னார்கள். பாறைகளை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுத் தூய்மை செய்துவிட்டால் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடுமா என்றும் யோசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பனிக்கடல் | டொராண்டோ

மற்றவை எல்லாம் பிறகு. பாறையைக் கொதிநீரில் போடும் எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். சோவாந்தஸ் என்ற பெயரில் விற்கப்படுபவற்றோடு பாலித்தோவா இனங்களும் கலந்து வருவது வழக்கம். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. 1971 ஆம் ஆண்டு ஹவாயில் கிடைத்த ஒரு பாலித்தோவாவிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. பாறையைக் கொதிக்க வைத்தால் அது ஆவியோடு காற்றில் ஏறி, மூச்சின் வழியே வீட்டிலுள்ள எல்லோருக்குள்ளும் போகும். இப்படிச் செய்து குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. பாறையைச் சுரண்டுவதென்றாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நீருக்குள்ளேயே செய்யுங்கள்.

அலைவாய் | பினாங்கு

பனிக்கடல் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூடவே, இன்று முதல் எதையும் ஊற்றாதீர்கள். பாதி நீரையும் மாற்றாதீர்கள்.

நீங்கள் கொடுத்த எண்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து தோன்றும். சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உப்பளவு 35 ஆக இருக்கும் இயற்கைக் கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராமும், மக்னீசியம் ஏறத்தாழ 1290 மில்லிகிராமும் இருக்கும். உங்கள் தொட்டியில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு வரை, கூடியிருக்கின்றன. சில உப்புக் கலவைகளில் இவற்றை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள் என்பதால் இது முடிந்த முடிவு ஆகாது. ஆனாலும் இரண்டும் ஒன்றாக ஏறியிருக்கும்போது, நான் முதலில் ஐயப்படுவது உப்பளவைத்தான். நீங்கள் 34 என்று நம்பும் நீர் உண்மையில் 38 ஆக இருக்கக்கூடும்.

உங்களிடம் இருப்பது கைக்கு அடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர் என்று எண்ணுகிறேன். அது உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீருக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து, அதை உப்பளவாக ஓர் அளவுகோலில் காட்டுகிறது. கடல்நீரும், சாதாரண உப்பைக் கரைத்த நீரும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அந்த அளவுகோல் வெறும் உப்புநீருக்காகத் தீட்டப்பட்டது; அளவுகோலே சரியாகத் தீட்டப்படாத கருவிகளும் உண்டு. பெரும்பாலோர் நன்னீர் ஒரு சொட்டு விட்டு, கோடு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நிறைவடைந்துவிடுகிறார்கள். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி 35 இலும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நமக்கு வேண்டிய இடம் 35. ஆகவே சோதிக்க வேண்டிய இடமும் அதுதான்.

இதற்கான ஒப்பீட்டுக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்ஓ டிஐ நீரில், அதாவது சவ்விலும் ரெசினிலும் வடித்து உப்புகள் நீக்கிய நீரில், முழுமையாகக் கரையுங்கள். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவும், உப்பளவு 35 உள்ள கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்று. நீரையும் எடை போட்டே எடுங்கள், அளவுக்குவளையை நம்பாதீர்கள். ஈரம் ஏறிய கல்லுப்பு வேண்டாம். உலர்ந்த தூளுப்பு போதும். அயோடின் சேர்த்ததாக இருந்தாலும் கணக்கு மாறாது. கரைசலும் கருவியும் ஒரே அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

படிக்கல்லைச் சோதிக்காமல் தராசில் நிறுத்துக் கொடுக்கும் வணிகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய நிறுவை தவறுதான். நம்மில் பெரும்பாலோர் தொட்டிக்குச் செய்யும் பெரிய தீங்குகள் அக்கறைக்குறைவால் வருபவை அல்ல; தவறான எண்ணை அக்கறையோடு திருத்தப் போவதால் வருபவை.

நெய்தல் | தூத்துக்குடி

அலைவாய் அண்ணா உப்பளவைச் சொல்லிவிட்டார். காரத்தன்மைக்கும் இதே போன்ற எளிய சோதனை உண்டு.

2.4 கிராம் ஆப்பச்சோடாவை ஆர்ஓ டிஐ நீரில் கரைத்துச் சரியாக 1 லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 100 மில்லியை எடுத்து, மீண்டும் அதே நீரைச் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். இரண்டாவது கரைசலின் காரத்தன்மை 8 டிகேஎச். கலந்த அன்றே, உங்கள் டெஸ்ட் கிட்டால் அதை அளந்து பாருங்கள். பேக்கிங் பவுடர் என்று விற்கப்படும் கலவையைப் பயன்படுத்தக் கூடாது. தூய ஆப்பச்சோடாவாக இருக்க வேண்டும்.

கிட் எப்படிப் பொய் சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறம் மாறும் வரை நாம் சொட்டுச் சொட்டாக விடுவது அமிலம். மூடி சரியாக மூடாத புட்டியிலிருந்து நீர் ஆவியாகிவிட்டால் எஞ்சியிருக்கும் அமிலம் செறிவடைகிறது. செறிந்த அமிலத்தில் குறைவான சொட்டுகளிலேயே நிறம் மாறிவிடும்; நாம் காரத்தன்மை குறைந்துவிட்டது என்று படித்துக்கொள்வோம். சிரிஞ்சின் நுனியில் சிக்கிய காற்றுக்குமிழியும், சாய்த்துப் பிடித்த சொட்டுப்புட்டியும் இதே அளவுக்கு ஏமாற்றும். உங்கள் கிட் எவ்வளவு பழையது என்று நீங்கள் சொல்லவில்லை.

உப்பங்கழி | சிங்கப்பூர்

மாற்றுக் கருத்து ஒன்றை மரியாதையுடன் முன்வைக்கிறேன். காரத்தன்மை 7.5 ஆக இருக்கிறதா, 8.5 ஆக இருக்கிறதா என்பதைவிட, அது நாள்தோறும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதே பவளங்களுக்கு முக்கியம். பல ஆண்டுகள் நன்றாக நடக்கும் தொட்டிகள் சிலவற்றில் எண்களின் துல்லியத்தை யாரும் தேடியதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். புதிதாக வருபவரைக் கரைசல்கள் கலக்க வைத்து அச்சுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. சந்தேகம் இருந்தால், நீரிலுள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி ஆய்வகத்துக்கு நீரை அனுப்பிவிடலாமே?

அலைவாய் | பினாங்கு

நிலைத்தன்மை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு வேறுபாடு இல்லை. ஒரு கிட் எப்போதும் ஒரே அளவில் தவறு காட்டுமானால் அதை வைத்தே தொட்டியைச் சீராக நடத்தலாம். சோடா ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த நாட்களில் ஒரே நேரத்தில் அளந்தால், இடையே குறைந்த அளவுதான் பவளங்கள் உண்ட அளவு. அந்த வேறுபாட்டைக் கண்டறிய மிகத் துல்லியமான கிட் தேவையில்லை.

ஆனால் சீராக இருக்கும் தொட்டியும் ஒரு நாள் சீர்குலையும். பழைய கிட் தீர்ந்து புதியது வாங்கும் நாள், கருவி கீழே விழும் நாள், நண்பர் ஒருவர் தன் கருவியோடு வந்து பார்த்துவிட்டு வேறோர் எண்ணைச் சொல்லும் நாள் என்று அது வரும். அன்று எண் தாவும், நீர் தாவியிருக்காது. அந்தத் தாவலைத் திருத்தப் போகிறவர்தான் உண்மையான தாவலை உண்டாக்குகிறார். ஒப்பீட்டுக் கரைசல் அந்த நாளுக்கானது.

ஐசிபி பற்றி: கால்சியம், மக்னீசியம், ஸ்ட்ரான்சியம், செம்பு போன்ற தனிமங்களுக்கு அது மிக நல்ல வழி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் புட்டிக்குள் பயணிக்கும்போதே மாறக்கூடியவை. முடிவு வந்து சேர்வதற்குள் இந்த அக்ரோபோரா இருக்காது என்பதும் உண்மை.

கரையோரம் | சிங்கப்பூர்

நேற்று மாலை நண்பர் ஒருவரின் நகைத் தராசை வாங்கி வந்து இரண்டு கரைசல்களையும் கலந்தேன். ரிஃப்ராக்டோமீட்டர் நன்னீரில் சுழியம் காட்டியது. 35 காட்ட வேண்டிய கரைசலில் 31 காட்டியது. மூன்று முறை துடைத்துவிட்டுப் பார்த்தும் அதே எண்தான். காரத்தன்மைக் கிட், 8 காட்ட வேண்டிய கரைசலில் 6.7 காட்டியது. கிட்டின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாள் கடந்துவிட்டதையும் இப்போதுதான் கவனித்தேன்.

அப்படியானால் என் தொட்டியின் உண்மையான நிலைமை என்ன?

அலைவாய் | பினாங்கு

நல்ல வேலை செய்தீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் கருவி சுழியத்தில் சரியாகவும் 35 இல் குறைவாகவும் காட்டுகிறது; அதாவது பிழை விகிதத்தில் இருக்கிறது. 34 ஐ 35 ஆல் பெருக்கி 31 ஆல் வகுத்தால் 38.4. உங்கள் நீரின் உண்மையான உப்பளவு அதுதான். அந்த உப்பளவில் இயற்கைக் கடல்நீரின் கால்சியம் 450 ஆகவும், மக்னீசியம் 1415 ஆகவும் இருக்கும். நீங்கள் முதலில் எழுதிய 460, 1420 ஆகியவற்றோடு இது பொருந்துவதைப் பாருங்கள். உங்கள் கால்சியத்திலும் மக்னீசியத்திலும் எந்தக் கோளாறும் இல்லை.

காரத்தன்மை: 6.5 என்று கிட் காட்டிய நாளில் உண்மை அளவு ஏறத்தாழ 7.8. அது இயற்கைக் கடல்நீரின் அளவான ஏறத்தாழ 7 க்கும் மேலே, முற்றிலும் ஏற்கத்தக்க அளவு. 9 என்று காட்டும் வரை ஏற்றியபோது நீர் உண்மையில் 10.7 ஐ எட்டியிருக்கிறது. ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது அக்ரோபோரா வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத நீரில் காரத்தன்மை இப்படி உயர்ந்தால் நுனி எரிவது, அதாவது நுனி வெளுத்துத் திசு உரிவது, பலரும் கண்டிருக்கும் காட்சி. வளரும் நுனி எலும்புக்கூட்டை வேகமாகக் கட்டுகிறது. அதன் மேல் படர வேண்டிய திசுவுக்கு ஊட்டம் போதவில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இனிச் செய்ய வேண்டியவை. நாளொன்றுக்கு 3 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 3 லிட்டர் ஆர்ஓ டிஐ நீரை, சம்ப்பில், மெல்ல ஊற்றுங்கள். 200 லிட்டரில் இது உப்பளவை ஏறத்தாழ 0.6 குறைக்கும். ஆறு நாளில் 35 க்கு வந்துவிடுவீர்கள். இதே நீர்த்தலில் கால்சியம் 420 க்கும், மக்னீசியம் 1295 க்கும், காரத்தன்மை 10 க்குக் கீழும் தாமாகவே இறங்கும். அதற்குப் பிறகு எதையும் ஊற்றாமல், பவளங்கள் காரத்தன்மையை உண்டு 8 க்குக் கொண்டுவரும் வரை காத்திருங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரின் திருகை ஒப்பீட்டுக் கரைசலில் 35 காட்டும்படி திருப்பிவிடுங்கள். இனி நன்னீரில் அது சுழியம் காட்டாது, அதனால் குறையில்லை. நாம் அந்தக் கருவியைப் பயன்படுத்துவது 35 ஐ ஒட்டிய சிறிய இடைவெளியில் மட்டுமே. நீர் மாற்றுவதற்கென்று ஏற்கெனவே கலந்து வைத்திருக்கும் உப்புநீர் இருந்தால் அதையும் மீண்டும் அளக்க மறக்காதீர்கள். அதுவும் 38 ஆகத்தான் இருக்கும்.

கரையோரம் | சிங்கப்பூர்

புரிந்தது. இன்றே தொடங்குகிறேன். மணலில் உள்ள பழுப்பு இழைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பாஸ்பேட் ஏறிவிடும் என்ற அச்சத்தில் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஊடகத்தைத் தொடர்ந்து ஓட்டுகிறேன். கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரும் முழு வேகத்தில் ஓடுகிறது.

அலைவாய் | பினாங்கு

அது டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்னும் ஒற்றைச்செல் உயிராக இருக்க வாய்ப்பு மிகுதி. உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. கொஞ்சம் இழையை நீரோடு உறிஞ்சி எடுத்து, புட்டியில் நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்தத் தெளிந்த நீரில் மீண்டும் இழைகள் திரண்டால் அது டைனோ. சயனோ (நீலப்பச்சைப் பாக்டீரியா) என்றால் பெரும்பாலும் வடிதாளிலேயே தங்கிவிடும். பள்ளி மாணவர்களின் நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த இனம் என்று தெரிந்தால்தான் அடுத்த வழி தெரியும். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் டைனோ இரவில் மணலை விட்டு நீரில் மிதப்பதால் யூவி (புறஊதா) விளக்கு அதைப் பிடிக்கும். ஆம்ஃபிடினியம் என்னும் டைனோ மணலுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் யூவி அதற்குப் பெரும் பயன் தராது. ஆஸ்ட்ரியாப்சிஸ் பாலிடாக்சினை ஒத்த நஞ்சுகளை உண்டாக்கக்கூடியது; நத்தைகள் சாகின்றனவா என்று பாருங்கள், கையுறையின்றித் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்ட தொடர்பு இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போன நீரில் சாதாரணப் பாசிகளும் பாக்டீரியாக்களும் பின்வாங்க, டைனோவுக்கு இடம் கிடைக்கிறது. 0.00 என்று காட்டும் பாஸ்பேட் எண்ணையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். நிறச்செறிவைக் கொண்டு அளக்கும் வீட்டுக் கலரிமீட்டர்களில் 0.02 அளவுக்குப் பிழை இயல்பானது. கண்ணாடிக் குப்பியின் மேல் பட்ட விரல்ரேகையே அந்த அளவுக்கு எண்ணை மாற்றிவிடும். ஆகவே 0.02 க்கும் 0.04 க்கும் வேறுபாடு தேடிக் கவலைப்படுவதில் பொருள் இல்லை. நாள்தோறும் 0.00 என்றே வருவது மட்டும் உண்மையான எச்சரிக்கை.

இரும்பு ஊடகத்தை எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரைப் பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். இரவில் ஆக்சிஜனுக்காக ஓடட்டும். மீன்களுக்குச் சற்றுக் கூடுதலாக உணவிட்டு, நைட்ரேட் 5 க்கும் பாஸ்பேட் 0.05 க்கும் மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள். பாறைகள் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்வதால் முதல் வாரங்களில் எண் நகராமல் இருக்கலாம். அதைக் கண்டு அளவை மும்மடங்காக்காதீர்கள். டைனோ அடங்கும் வரை, இப்போது செய்யும் உப்பளவுத் திருத்தத்தைத் தவிர, நீர் மாற்றம் வேண்டாம். புதிய உப்புநீர் டைனோவைத் தூண்டுவதாகப் பலர் கண்டிருக்கிறார்கள்.

பனிக்கடல் | டொராண்டோ

அளவுகளைப் பற்றிப் பேசும்போது பிஎச்சையும் சேர்க்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் கதவும் யன்னலும் மாதக்கணக்கில் பூட்டியே இருக்கும். வீட்டுக்குள் சேரும் காபனீரொக்சைட்டு தொட்டி நீரில் கரைந்து பிஎச்சை 7.8 வரை இறக்கிவிடும். பலர் அதைக் கண்டு பயந்து பிஎச் ஏற்றும் பொடியை வாங்கிப் பாவிக்கிறார்கள். அந்தப் பொடி பெரும்பாலும் சோடாதான். பிஎச் சிறிது நேரம் ஏறிப் பிறகு இறங்கிவிடும், ஏறிய காரத்தன்மையோ இறங்காது. மீண்டும் பொடி, மீண்டும் காரத்தன்மை. நுனி எரிவதற்கு இது இன்னொரு பாதை.

சோதிக்கும் வழி: ஒரு குவளை தொட்டி நீரின் பிஎச்சை அளந்துவிட்டு, அந்தக் குவளையை வெளியே வைத்துக் காற்றுப் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிஎச் குறிப்பிடத்தக்க அளவு ஏறினால் குறை நீரில் இல்லை, அறைக்காற்றில் இருக்கிறது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை யன்னலுக்கு வெளியே நீட்டினாலே போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உப்பங்கழி | சிங்கப்பூர்

குளிரூட்டி ஓடும் அறைகளைக் கொண்ட சிங்கப்பூர் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் இங்கே டெங்குக் கொசுவுக்காகப் புகைமருந்து அடிக்கும் நாளில் அந்தக் குழாயைக் கட்டாயம் உள்ளே இழுத்துவிட வேண்டும். அந்த மருந்துகளில் பொதுவாக இருக்கும் பைரெத்ராய்டு வகை நஞ்சு இறால்களையும் நண்டுகளையும் உடனே கொல்லும், மீன்களையும் விடாது.

நான் முன்பு எழுதிய கருத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 31 க்கும் 35 க்கும் உள்ள வேறுபாடு, சீராக வைத்திருந்தால் போதும் என்று கடந்துபோகக்கூடிய வேறுபாடு அன்று.

மெரினாக்காற்று | சென்னை

இதுவரை நன்னீர் மீன்கள் மட்டுமே வளர்த்திருக்கிறேன். இந்த உரையாடலைப் படித்த பிறகு கடல்நீர்த் தொட்டி தொடங்க ஆவல் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் குடிநீருக்கான ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது. அதன் நீரைப் பயன்படுத்தலாமா? ராமேசுவரம் பக்கம் கரையில் கிடக்கும் பவளக் கல்லைக் கொண்டுவந்து அடுக்கலாமா?

நெய்தல் | தூத்துக்குடி

தம்பி, இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் உண்டு. அந்தக் கல்லைத் தொடாதீர்கள்.

இந்தியாவில் பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001 இலிருந்து 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள பாதுகாப்புதான் பவளத்துக்கும். உயிருள்ளதா, இறந்ததா என்ற பேதம் இல்லை. எலும்புக்கூடும் சட்டத்துக்குள் வரும். கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அப்படியே. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் இங்கே வெட்டியெடுக்கப்பட்ட பவளம் கொஞ்சநஞ்சம் அன்று. அந்த இழப்பை இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். தொட்டி அழகுக்காக இன்னும் ஒரு கல் போவதை என்னால் ஏற்க முடியாது.

சிங்கப்பூர், மலேசிய, கனடிய நண்பர்கள் தங்கள் நாட்டு விதிகளின்படி, உரிய அனுமதியோடு இறக்குமதியாகிக் கடைக்கு வந்தவற்றை வளர்க்கிறார்கள். நாம் அவர்கள் தொட்டியை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. மனிதர் செய்த செயற்கைக் கல்லும், பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இணையும் கொண்ட தொட்டியே அழகானது. கோமாளி மீன்களைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் நன்கு உருவாக்கியிருக்கின்றன. கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணை மீன் தொட்டிச் சூழலையும் உலர் உணவையும் எளிதாக ஏற்கும். அதை வாங்கும்போது எங்கே பிறந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

குடிநீர் ஆர்ஓ பற்றி: பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள் அளவு) கண்ட்ரோலர் இருக்கும், தாது சேர்க்கும் புட்டியும் இருக்கும். இப்போது வரும் சில இயந்திரங்களில் செம்பு சேர்க்கும் புட்டியும் உண்டு. மனிதருக்கு நல்லது என்று சேர்க்கப்படும் அந்தச் செம்பு, இறால், நத்தை, பவளம் ஆகிய முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. மெம்பரேன் சவ்விலிருந்து நேரே நீரை எடுத்து, அதற்குப் பிறகு டிஐ ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, டிடிஎஸ் மீட்டரில் சுழியம் வரும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அது நீரின் மின்கடத்துத்திறனைத்தான் அளக்கிறது. சிலிக்கா மின்சாரத்தைப் பெரிதாகக் கடத்தாது; ரெசின் தீரும் தறுவாயில், மீட்டர் சுழியம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலிக்கா நழுவி வரத் தொடங்கிவிடும். கண்ணாடியில், சிலிக்காவைக் கொண்டு வளரும் பழுப்பு டயாட்டம் பாசி திடீரென்று கூடினால் முதலில் ரெசினைப் பாருங்கள்.

உப்பங்கழி | சிங்கப்பூர்

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு சேர்க்கை: நம் குழாய் நீரில் இருப்பது குளோரமின். சாதாரணக் குளோரினைப் போல இது வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடாது. கார்பன் வடிப்பான் அதைச் சிதைக்கும்போது அமோனியா மிஞ்சும்; அதைப் பிடிக்கும் வேலை ரெசினுடையது. ஆகவே இங்கே கார்பனையும் ரெசினையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருத முடியாது.

கரையோரம் | சிங்கப்பூர்

அனைவருக்கும் நன்றி. உப்பளவு இப்போது 35 இல் நிற்கிறது. புதிய காரத்தன்மைக் கிட்டை ஆப்பச்சோடாக் கரைசலில் சோதித்த பிறகே பயன்படுத்தினேன், அது 8.1 காட்டியது. தொட்டியின் காரத்தன்மை 8.6 க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு அக்ரோபோராக்களில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றொன்றில் நுனி எரிவது நின்றுவிட்டது. உரிந்த இடத்தின் ஓரத்தில் திசு மீண்டும் ஏறுகிறது. நண்பரின் நுண்ணோக்கியில் பார்த்ததில் இழைகள் ஆம்ஃபிடினியம் என்றே தெரிகிறது. நைட்ரேட் 3 க்கு வந்திருக்கிறது. பாஸ்பேட் இன்னும் நகரவில்லை.

ஒரு கேள்வி மட்டும்: ஒப்பீட்டுக் கரைசல்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

அலைவாய் | பினாங்கு

திசு ஏறுவது நல்ல செய்தி. ஆம்ஃபிடினியம் என்றால் யூவி வாங்கிப் பணத்தைச் செலவிடாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிலைத்த பிறகு, சிலிக்கேட்டை அளவோடு சேர்த்து டயாட்டத்தை வளர்த்து, மணலில் அதற்குப் போட்டி உண்டாக்கும் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பாஸ்பேட் நகரட்டும், அதுவரை காத்திருங்கள்.

உப்புக் கரைசலை இறுக மூடும் பிளாஸ்டிக் புட்டியில், கழுத்து வரை நிரப்பி, கலந்த நாளை எழுதி வையுங்கள். அது கெட்டுப்போகாது, ஆனால் மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகி 36, 37 என்று ஏறிவிடும். பிறகு கருவியையும் அது தவறாகத் திருத்தும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கலப்பதே நலம். ஆப்பச்சோடாக் கரைசலைச் சேமிக்கவே வேண்டாம். அளக்கும் நாளில் கலந்து, அளந்ததும் கொட்டிவிடுங்கள். நகைத் தராசைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் 2.4 கிராம் பொட்டலங்களாகச் சிலவற்றை நிறுத்து, காற்றுப் புகாமல் ஒட்டி வைத்துக்கொண்டால் அடுத்த முறை எளிதாக இருக்கும்.